கோமு நின்ன இடம்

நடுவுல யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாது. போனா, விட்ட இடம் எனக்கு மறந்து போகும். மறக்கிறதைப் பத்தின கதைதான், அதனால போனாலும் தப்பில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊருல ஒரு படிப்பகம் இருந்துச்சு. பெருசா நினைச்சுக்காதீங்க. ரெண்டு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு அலமாரி. ஜன்னல்கூடக் கிடையாது, கதவு வழியா வர்ற வெளிச்சம்தான். அதைப் பாத்துக்கிட்டவங்க உலகம்மை டீச்சர். நாப்பத்து மூணு வயசு. அவங்க சொல்லிக் குடுத்தது கணக்கும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. கவனகம்.

கவனகம் பாத்திருக்கீங்களா? மேடையில ஒருத்தர் உக்காந்திருப்பார். சுத்தி ஆளுங்க. ஒருத்தர் நீளமா ஒரு எண் சொல்லுவார், ஒருத்தர் தேதியைச் சொல்லிக் கிழமை கேப்பார், ஒருத்தர் வாயில நுழையாத பாஷையில ஒரு வாக்கியம் சொல்லுவார். பின்னால ஒருத்தர் முதுகுல பூவை எறிஞ்சுக்கிட்டே இருப்பார், அது எத்தனை பூன்னும் எண்ணணும். கடைசியில எல்லாத்தையும் வரிசை மாறாமத் திருப்பிச் சொல்லணும். எங்க நாத்தனார் ஒருத்தி இருந்தா. முப்பது வருஷத்துல யார் யார் வீட்டுக் கல்யாணத்துல தன்னைச் சரியாக் கவனிக்கலைன்னு வரிசையாச் சொல்லுவா, சாப்பாட்டுல எது தீர்ந்து போச்சுங்கிறது முதற்கொண்டு. அவளை மேடை ஏத்தியிருந்தா சால்வை வாங்கியிருப்பா. சரி, அது வேற.

டீச்சர்கிட்ட இருந்த சீடர்கள்ல பெரிய கை மாசிலாமணி. ரயில்வேயில டிக்கெட் குடுத்து ரிட்டையர் ஆனவர். குருவைவிட சீடருக்குப் பத்தொன்பது வயசு கூட. டீச்சர் அவரை அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்க, அவர் இவங்களை டீச்சர்னு கூப்பிடுவார், ரெண்டு பேருமே ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எந்திரிச்சு நிப்பாங்க. யாரு முதல்ல உக்காரறதுங்கிறதுலயே பாதி நேரம் போகும்.

இந்த வித்தைக்கு முதல் ஒரு வீடு. மனசுல ஒரு வீட்டை வச்சுக்கணும். வாசல் கேட்டுல முதல் ஆள் சொன்னதைத் தொங்கவிடணும். செருப்பு விடற இடத்துல ரெண்டாவது. கட்டில்ல மூணாவது. அப்புறம் மனசுலயே உள்ள நடந்து போனா, வச்சது வச்ச இடத்துல இருக்கும்.

யாரைச் சேத்துக்கிட்டாலும் டீச்சர் ரெண்டு கட்டளை போடுவாங்க. ஒண்ணு, நீ குடியிருந்த வீட்டுல எதையும் தொங்கவிடாத. பஸ் ஸ்டாண்டுல விடு, ரேஷன் கடையில விடு, பிடிக்காத சொந்தக்காரன் வீட்டுல விடு. ரெண்டாவது, ஒவ்வொரு மேடைக்கும் மறுநாள் கூட்டற நாள், மனசைக் கூட்டிப் பெருக்கற நாள். அன்னைக்குப் படிப்பகத்துக்கு வந்து பொழுதன்னைக்கும் சின்னப் புத்தகம் படிக்கணும். எதையும் மனசுல ஏத்தக் கூடாது. சிரிப்பு வந்தா சிரிக்கலாம்.

சின்னப் புத்தகம்னா, பஸ்ஸு கிளம்பற நேரத்துல ஏறி விப்பாங்களே, அது. ஆளுக்கு ஒண்ணு மடியில போட்டுக்கிட்டே போவார், திரும்பி வரும்போது ஒண்ணு காசு வாங்குவார், இல்ல புத்தகத்தை வாங்கிக்குவார். எந்த மிருகத்தோட குட்டிக்கு என்ன பேரு, எந்தப் பறவை எப்படிக் கத்தும், எந்த ராஜாவுக்கு அப்புறம் எந்த ராஜா, கைமுட்டியை வச்சு மாசத்துக்கு முப்பதா முப்பத்தொண்ணான்னு எண்ணறது எப்படி. எனக்கு அந்த முட்டிக் கணக்கு இன்னும் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவுல தடுக்கும். டீச்சர் எந்த பஸ்ஸுல போனாலும் ஒண்ணு வாங்கிருவாங்க. அதே புத்தகம் வீட்டுல இருந்தாலும் வாங்குவாங்க. திரும்பத் திரும்ப அதையே படிச்சு, புதுசாக் கேட்ட மாதிரி சிரிப்பாங்க.

மாசிலாமணி ரெண்டு கட்டளையையும் மீறினவர்.

எங்க தொங்கவிடறீங்கன்னு டீச்சர் கேட்டதுக்கு, ஸ்டேஷன்லன்னு சொல்லி வச்சிருந்தார். நிஜத்துல தொங்கவிட்டது ரயில்வே குவாட்டர்ஸ்ல. அவரும் அவர் சம்சாரம் கோமுவும் இருபத்தாறு வருஷம் இருந்த வீடு. கண்ணை மூடினா எந்தச் சுவத்துல எந்த ஆணின்னு தெரியும். அதைவிட வசதியான வீடு எங்க கிடைக்கும்னு நினைச்சுட்டார். கூட்டற நாளுக்கும் ஒருநாள்கூட வந்ததில்ல. சின்னப் புத்தகமெல்லாம் ஞாபகசக்தி இல்லாதவங்களுக்குன்னு சொல்லுவார்.

ரெண்டு வருஷத்துல நாப்பது மேடை. ஒரு மேடையில வாங்கினதைக்கூட அவர் கீழ போடல. கடைத்தெருவுல யாராவது வணக்கம் வச்சா, போன மாசியில தென்காசியில நீங்க கேட்ட எண் இதுதானேன்னு மடமடன்னு சொல்லுவார். கேட்ட ஆளுக்கே அது மறந்திருக்கும். வாயைத் திறந்தபடி நிப்பான். அதுல மாசிலாமணிக்கு ஒரு சொகம்.

கோமு தவறி அப்ப நாலு வருஷம். அந்த வருஷம் ஆவணியில ஒருநாள் காலையில அவர் காபிக்குப் பால் வச்சார். பால் பொங்கற சத்தம் கேட்டா, கோமு அடுப்புகிட்ட நின்னு கரண்டியும் கையுமா ‘என்ன’ன்னு திரும்பறது மனசுல வரும். நாலு வருஷமா அப்படித்தான். அன்னைக்கு வரல.

மறுநாளும் வரல. ஒரு வாரம் பாத்தார். போட்டோ இருக்கு, இல்லாம என்ன. ஒண்ணு கல்யாணத்துல எடுத்தது, ஒண்ணு ரேஷன் கார்டுக்கு எடுத்தது. ரெண்டுலயும் போலீஸ்காரனைப் பாத்த மாதிரி நிப்பா. அவருக்கு வேணும்னது அது இல்ல. அந்தத் திரும்பற முகம்.

அவரோட அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல எல்லாம் கழண்டு போச்சு. பெத்த பிள்ளையையே நீங்க எந்த ஊருன்னு கேட்டார். அது இப்ப தனக்கு ஆரம்பிச்சிருச்சுன்னு மாசிலாமணி முடிவு பண்ணிட்டார். யார்கிட்டயும் சொல்லல. வெளியூர்ல இருக்கற மகள் போன் பண்ணினா, வேணும்னே அவ பள்ளிக்கூடத்து ரோல் நம்பரைச் சொல்லிக் காட்டுவாராம்.

பத்து நாள்ல கோயில் மண்டபத்துல அவருக்கு ஒரு மேடை இருந்துச்சு. பதினாறு பேர் கேக்கறது. அதுவரைக்கும் அவர் பத்துக்கு மேல போனதில்ல. அவர் ஒரு சபதம் எடுத்துக்கிட்டார். பதினாறையும் சொல்லிட்டா மூளை நல்லாருக்குன்னு அர்த்தம், கோமு திரும்பி வந்துருவா. ஒண்ணு விட்டாலும் அப்பா போன வழிதான்.

மேடைக்கு ரெண்டு நாள் முந்தி டீச்சர்கிட்ட வந்தார். டீச்சர் ஒரு சின்னப் புத்தகத்தை வச்சுச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. கூகை குழறும்னு போட்டிருக்காம். அவங்க சின்ன மாமாவும் பந்தியில உக்காந்தா அப்படித்தானாம்.

மாசிலாமணி சிரிக்கல. "டீச்சர், பிடிச்சு வைக்க இன்னும் பலமா ஒரு வழி சொல்லுங்க. நழுவாத மாதிரி."

எது நழுவுதுன்னு டீச்சர் கேட்டாங்க. அவர் அலமாரியைப் பாத்தார். டீச்சர் கையில இருந்த புத்தகத்தை அவர்கிட்ட நீட்டினாங்க.

அவர் வாங்கி, ஒருதரம் கண்ணை ஓட்டினார். மூடினார். புலிப்பறழ், சிங்கக்குருளை, யானைக்கன்று, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளைன்னு ஆரம்பிச்சு, பின் அட்டையில அச்சகத்துப் பேர் வரைக்கும் ஒரு மூச்சுல ஒப்பிச்சார். ஒரு இடத்துல நிக்கல, ஒரு இடத்துல சிரிக்கல. போன் நம்பர் படிக்கிற மாதிரி.

டீச்சர் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முடிஞ்சதும் சொன்னாங்க.

"பாவம், அண்ணாச்சி."

"எதுக்கு?"

"இனிமே இந்தப் புத்தகத்தை உங்களால திறக்க முடியாது."

அவருக்குச் சுருக்குனு வந்துச்சு. இதையே நாப்பது தரம் படிச்சும் உங்களுக்கு மனப்பாடம் ஆகலையேன்னு கேட்டார். கேட்டப்புறம்தான் குருன்னு ஞாபகம் வந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டார். டீச்சர் கோவிக்கல. ஆமா, ஆகலைன்னு சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்க.

மேடை அன்னைக்கு மண்டபம் நிறைஞ்சிருந்துச்சு. சாயங்காலப் பூசை முடிஞ்சு சனம் அப்படியே வந்து உக்காந்துருச்சு. டீச்சர் முதல் வரிசையில. மேடையில பதினாறு பேர், ஆளுக்கொரு நாற்காலி. ஒரு சட்டம் உண்டு. திருப்பிச் சொல்லும்போது நின்னுட்டா, நிமிஷத்துக்கு ஒரு மணி அடிப்பாங்க. மூணாவது மணிக்குள்ள சொல்லலைன்னா அந்தக் கேள்வி போச்சு.

கேள்விகள் ஒரு மணி நேரம் ஓடுச்சு. பூக்காரர் அரளிப் பூவை எறிஞ்சுக்கிட்டே இருந்தார். எறியற மாதிரி கையை ஓங்கிட்டு எறியாமலும் ஏமாத்தினார், கூட்டம் சிரிச்சுச்சு. மாசிலாமணி கண்ணை மூடிக் குவாட்டர்ஸுக்குள்ள நடந்து நடந்து தொங்கவிட்டார்.

திருப்பிச் சொல்ல வேண்டிய நேரம் வந்துச்சு. கேட்டுல முதல் ஆளோட தேதி. சரி. செருப்பு விடற இடத்துல ரெண்டாவது. சரி. கட்டில், பீரோ, ரேடியோ, கொடிக் கயிறு. பதினொண்ணு வரைக்கும் தடங்கல் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் கைதட்டல் கூடிக்கிட்டே போச்சு.

பன்னிரண்டாவது கேட்டவர் ஒரு டாக்டர். ஒன்பது இலக்க எண் குடுத்திருந்தார். மாசிலாமணி அதை அடுப்புல, பால் சட்டியில வச்சிருந்தார்.

அடுப்படிக்குள்ள போனார். நின்னுட்டார்.

அடுப்புல அந்த எண் இருக்கு. நல்லாத் தெரியுது. அதுக்குப் பக்கத்துல தென்காசி எண். அதுக்கு மேல சங்கரன்கோயில்ல ஒருத்தர் கேட்ட தேதி. அம்மியில ஏதோ பாஷையில ஒரு வாக்கியம். கரண்டி மாட்டற ஆணியில எட்டு எண் ஒண்ணு மேல ஒண்ணு. நாப்பது மேடையும் அந்த அடுப்படியிலதான் நிக்குது. கால் வைக்க இடம் இல்ல.

முதல் மணி அடிச்சுச்சு.

கூட்டத்துல சத்தம் அடங்கிருச்சு. மறந்துட்டார்னு யாரோ மெல்லச் சொன்னாங்க. டாக்டர் தன் கையில இருந்த சீட்டைப் பாத்தார், இவரைப் பாத்தார். அவருக்கே பாவமா இருந்திருக்கும் போல, சின்ன எண்ணாக் கேட்டிருக்கலாமோன்னு.

மாசிலாமணி உள்ள எண்ணைத் தேடல. ஒவ்வொண்ணா விலக்கி விலக்கி அந்தப் பக்கம் எட்டிப் பாத்துக்கிட்டிருந்தார். ஒரு சேலை முந்தானையாவது தெரியுதான்னு.

ரெண்டாவது மணி.

நெத்தியில வேர்வை இறங்கி மீசைக்கு வந்துருச்சு. பூக்காரர் பூவைக் கூடையில போட்டுட்டுச் சும்மா நின்னார். மணிக்காரர் கை மணிகிட்ட போயிருச்சு. டீச்சர் மட்டும் அசையல. ஆனா அவங்க மாசிலாமணியோட வாயைப் பாக்கல, மூடின கண்ணைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. கண்ணு இமைக்குள்ள அங்கயும் இங்கயும் ஓடுச்சு. எண்ணைத் தேடறவன் கண்ணு அப்படி ஓடாது. அது அவங்களுக்குத் தெரியும்.

மணிக்காரர் கயித்தைப் பிடிச்சார்.

மாசிலாமணி ஒன்பது இலக்கத்தையும் சொன்னார். ஒண்ணுகூடப் பிசகல.

அப்புறம் மிச்ச நாலையும் சொன்னார். பூ அறுபத்தேழுன்னும் சொன்னார். பூக்காரரே எண்ணிப் பாத்து அறுபத்தேழுதான்னார். மண்டபம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. சால்வை போட்டாங்க, மாலை போட்டாங்க, ஒருத்தர் கால்ல விழப் பாத்தார். இவர் மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு, பிள்ளையைக் கூட்டத்துல தொலைச்சவர் மாதிரி நின்னுக்கிட்டிருந்தார்.

மறுநாள் காலையில முதல் தடவையா, கூட்டற நாளுக்கு மாசிலாமணி படிப்பகம் வந்தார். சால்வையை மடிச்சு மேசையில வச்சார்.

"டீச்சர், ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. கோமுவைத்தான் காணோம்."

எல்லாத்தையும் சொன்னார். ஆவணி மாசத்துல இருந்து, பால் பொங்கினதுல இருந்து. டீச்சர் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"எந்த வீட்டுல தொங்கவிட்டீங்க, அண்ணாச்சி?"

"குவாட்டர்ஸ்ல."

டீச்சர் திட்டுவாங்கன்னு அவர் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தார். திட்டியிருந்தா அவருக்கு லேசா இருந்திருக்கும். அவங்க எந்திரிச்சுப் போய் அலமாரியில இருந்து பள்ளிக்கூடத்து நோட்டு ஒண்ணும் பேனாவும் கொண்டுவந்து வச்சாங்க. நாப்பது மேடையையும், நேத்தைய மேடையையும் எழுதச் சொன்னாங்க. எழுதினதைத் திரும்பப் பாக்க வேண்டாம், பக்கத்தைக் கிழிச்சு என்கிட்ட குடுங்கன்னாங்க.

மாசிலாமணி நோட்டைத் தள்ளி வச்சார். "எழுதிட்டா மறந்துருமே."

"ஆமா."

"அதோட சேந்து அவளும் போயிட்டா?"

டீச்சர் பேனா மூடியைத் திறந்து குடுத்தாங்க.

அன்னைக்கு முழுசும் அவர் ஒரு வரி எழுதல. மறுநாள் எழுதினார். வாசல் கேட்டுல இருந்து ஆரம்பிச்சார். பத்தொன்பது நாள் எழுதினார். தேதி, எண், புரியாத பாஷை, எந்த ராஜா எப்ப பட்டத்துக்கு வந்தான், எந்த ரயில் எந்த ஸ்டேஷன்ல எத்தனை நிமிஷம் நிக்கும். டீச்சர் குடுத்த சின்னப் புத்தகமும் அதுல ஒண்ணு, அட்டை முதல் அட்டை வரைக்கும் எழுதிக் குடுத்துட்டார். ஒவ்வொரு பக்கமும் கையை விட்டுப் போகும்போது, வீட்டுச் சாமானை ஏலத்துல எடுத்துட்டுப் போறதைப் பாக்கிற மாதிரி பாப்பார். டீச்சர் வாங்கி வாங்கிப் படிச்சு, பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருப்பாங்க. சங்கரன்கோயில்ல ஒரு ஆள் தன் பேத்தி பிறந்த தேதியைக் குடுத்துக் கிழமை கேட்டிருக்கான், இவர் சொன்ன கிழமையைக் கேட்டு இல்லவே இல்லைன்னு சண்டை போட்டிருக்கான், கடைசியில பேத்தி பிறந்தது வேற மாசமாம். அந்தப் பக்கத்தையெல்லாம் நூல்ல கோத்து, சின்னப் புத்தகங்களோட அலமாரியில வச்சாங்க. பேப்பர் படிக்க வர்றவங்க அதை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டாராம்.

அடுப்படியை மட்டும் மாசிலாமணி கடைசிக்கு வச்சிருந்தார்.

பத்தொன்பதாவது நாள் அதையும் எழுதினார். ஆணியில இருந்ததை எடுத்தார், அம்மியில இருந்ததை எடுத்தார். கடைசியில டாக்டரோட ஒன்பது இலக்கம். எழுதி முடிச்சு, கண்ணை மூடி உள்ள போய்ப் பாத்தார்.

அடுப்பு இருக்கு. அம்மி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல, ஆளும் இல்ல.

அவர் பேனாவை மெதுவா மூடி வச்சார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டேன், டீச்சர். வீடு காலியாக் கிடக்கு. அவளும் இல்ல. இப்ப அவளை வரவழைக்க ஒரு வழி சொல்லுங்க. அதுக்கு ஒரு புத்தகம் இருந்தா அதையாவது சொல்லுங்க."

டீச்சர் அலமாரிக்குப் போனாங்க. இருக்கறதுலயே ஒல்லியான புத்தகமா, அட்டை பிஞ்சது ஒண்ணை எடுத்து வந்து குடுத்தாங்க. பக்கத்துல உக்காந்து தனக்கும் ஒண்ணை எடுத்து விரிச்சுக்கிட்டாங்க.

அவருக்குக் கோவம்தான் வந்துச்சு. எந்திரிச்சுப் போயிரலாமான்னு செருப்பைப் பாத்தார். அப்புறம் போக வேற இடம் இல்லாத ஆளு மாதிரி, புத்தகத்தைத் திறந்தார். புலிக்குட்டிக்குப் பறழ்னு பேராம். சிங்கத்துக்குக் குருளையாம். ஒரு பக்கம் போச்சு. ரெண்டு பக்கம் போச்சு. வெளிய ஒரு பால்காரர் சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போனார்.

மாசிலாமணி லேசாச் சிரிச்சார்.

டீச்சர் தலையைத் தூக்காம என்னன்னு கேட்டாங்க.

"அணிலோட குட்டிக்குப் பிள்ளைன்னு பேராம், டீச்சர். பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க. குவாட்டர்ஸ்ல அடுப்படி ஜன்னலுக்கு ஒண்ணு வரும். சோறு வைக்க ஒரு நிமிஷம் நேரமாச்சுன்னா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கத்து."

டீச்சர் ஒரு பக்கம் புரட்டினாங்க.

"சோறு யாரு வைப்பா, அண்ணாச்சி?"

மாசிலாமணி தலையைத் தூக்கினார். படிப்பகத்துக்கு ஜன்னல் கிடையாதுன்னு முதல்லயே சொன்னேன். அவர் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தார்.